நம்ம அப்பாக்கள் கேக்க மாட்டாங்க

வேற்றுமொழிப் படமொன்றைத் தமிழில் எடுத்தார்கள். ஒரு பெண்தான் அதற்கு வசனம் எழுதினாள். மூலப்படத்தில், மகளை அறைந்த அப்பா கடைசியில் அவளிடம் மன்னிப்பு கேட்பார். இயக்குநர் அந்தக் காட்சியைப் பிரதியில் அடித்துவிட்டார்.

"நம்ம அப்பாக்கள் கேக்க மாட்டாங்கம்மா. நம்ம பண்பாடு வேற. பொண்ணு கேக்கட்டும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடி வாங்கினவ எதுக்கு சார் கேக்கணும்? எங்கப்பா ஒருதடவை என்னை அடிச்சிட்டு, சமையல்கட்டு வாசல்ல நின்னு, 'மன்னிச்சிடும்மா'ன்னு கேட்டார். அவர் எந்த ஊர்ப் பண்பாடு?"

"உங்க வீட்டுக் கதைய யாரும்மா பாப்பாங்க?" என்று சிரித்தார் இயக்குநர்.

"அப்போ டைட்டில்ல என் பேரைப் போடாதீங்க."

அவள் பெயரில்லாமலே படம் வந்தது. மகள் அழுது மன்னிப்பு கேட்டதும் தியேட்டரே கைதட்டியது. அவள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.