ஆறு அங்குலம்

பேனாவைப் போட்டுவிட்டுத் தங்கபாய் கட்டிலுக்கு ஓடினாள். "அப்பா! நீங்க, சித்தப்பா ரெண்டு பேரும் சொன்னது தப்பு. பன்னெண்டு அங்குலம் வெட்டணும்!"

அப்பா ஐயாதுரைக்குப் பேச்சு நின்று இரண்டு நாளாகிறது. காலையில் டாக்டரும் கையை விரித்துவிட்டார். வழக்கு இதுதான்: முப்பத்தாறு அங்குலச் சதுரத் தகடு. நாலு மூலையிலும் சின்னச் சதுரம் வெட்டி ஓரத்தை மடக்கினால் மூடியில்லாத பெட்டி. ஆறு அங்குலம் வெட்டினால்தான் நிறையக் கொள்ளும் என்பார் ஐயாதுரை. ஒன்பது வெட்டினால் ஆழம் கூடும், அதுதான் கொள்ளும் என்பான் தம்பி பொன்னுராஜ். ராஜபாளையத்துத் தகரப்பட்டறையில் இருபது வருஷச் சண்டை. இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் மில்லுக்கு நூல்கண்டு போட முப்பது பெட்டி வேண்டும். கத்தரி பொன்னுராஜ் கையில்.

பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் உச்சம் கண்டுபிடிக்கும் வகையிடல் வந்ததிலிருந்து தங்கபாய்க்குத் தலைகால் புரியவில்லை. அப்பா கண்ணை மூடுமுன் இந்த வழக்கைத் தீர்த்தே ஆகவேண்டும்.

"ஆழம்னு நான் சொன்னம்லா?" என்று பட்டறையிலிருந்து பொன்னுராஜ் சிரித்தான்.

ஐயாதுரை இரண்டு விரலைத் தூக்கினார். அம்மா ஸ்பூனில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் தலையை ஆட்டி, தங்கபாய் நீட்டிய நோட்டின் இடது ஓரத்தைத் தொட்டார். பிறகு வலது ஓரத்தை.

"அய்யோ, ரெண்டு பக்கமும் வெட்டு விழும்லா!"

ஒரு பக்கத்தை மட்டுமே கழித்திருந்தாள். கட்டிலோரம் தரையிலேயே உட்கார்ந்து திரும்பப் போட்டாள். வெட்டு x என்றால் கொள்ளளவு 4x³ − 144x² + 1296x. அடுக்கை முன்னால் இறக்கிப் பெருக்கு, அடுக்கில் ஒன்றைக் குறை: 12x² − 288x + 1296. அது பூச்சியமாகும் இடத்தில்தான் உச்சம். பன்னிரண்டால் வகுத்தாள்.

"ஆறு! இல்லேன்னா பதினெட்டு!"

பொன்னுராஜ் கத்தரியோடு வந்து நின்றான். "பதினெட்டா? ரெண்டு பக்கமும் பதினெட்டு வெட்டுனா தகடே மிஞ்சாதே, ஏட்டி."

"அதான் சித்தப்பா! அப்போ மிச்சம் ஆறுதான்! அப்பா, நீங்க சொன்ன ஆறு!"

ஐயாதுரையின் வயிறு குலுங்கியது. சிரிப்புத்தான், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சிரிப்பு. அது அடங்கியபின் மூச்சு இரண்டு தரம் வந்தது. மூன்றாவது வரவில்லை.

அம்மா அலறினாள். தங்கபாய்க்கு அழுகை உடனே வரவில்லை. அப்பா ஜெயித்துவிட்ட சந்தோஷம் இன்னும் நெஞ்சில் படபடத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பொன்னுராஜ் நேரே பட்டறைக்குப் போனான். மேல் தகட்டில் ஒன்பதில் அவன் ஆணியால் கிழித்த கோடு இருந்தது. தகட்டைப் புரட்டிப் போட்டான்.

"ஏட்டி தங்கம், ஸ்கேலோட அந்த முனையைப் பிடி."

அவள் பிடித்தாள். அவன் மூலையிலிருந்து அளந்து, ஆறில் ஆணியை வைத்தான்.