குளிசை வேண்டாத வருத்தம்

“விடும் சயந்தினி, கொய்யகம் நான் பிடிக்கிறன்.”

செல்வமலர் முன்மடிப்பு வைக்கச் சேலையை வெடுக்கென்று பறித்தாள். ஃபாரஸ்ட் கேட் பகுதியிலிருந்த சவ அடக்க நிலையத்தின் பின்னறை அது. குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த தங்கை சிவகௌரி கண்மூடிக் கிடந்தாள். உடுத்திவிட இரண்டு பெண்களைத்தான் உள்ளே விட்டிருந்தார்கள். ஒருத்தி கூடப் பிறந்த அக்கா. மற்றவள் சயந்தினி, சிவகௌரியின் புருஷனின் தங்கை, நேற்று வந்த மச்சாள். ஆனால் எந்த பிளவுஸ் இறுக்காது, தழும்பு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்த மச்சாளுக்குத்தான் தெரிந்திருந்தது. செல்வமலருக்கு வயிறு பற்றி எரிந்தது. செத்தவள் முன்னால் நின்று பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது; அதற்காக எரிச்சல் அடங்கிவிடவில்லை.

இத்தனைக்கும் அவளுக்கு வேலையே மார்புப் புற்றுநோய்ச் சோதனைகளுக்குப் பில் போடுவதுதான். தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றில் அறிக்கைகளைப் படித்து, கட்டியில் எடுத்த துண்டுக்குச் செய்த ஒவ்வொரு சோதனைக்கும் உரிய கோட் நம்பரைக் காப்புறுதிக் கம்பனிக்கு அனுப்புவாள். ஹோர்மோனுக்கு இரண்டு, ஹெர்-டூ என்ற புரதத்துக்கு ஒன்று. மூன்றும் நெகட்டிவ் என்றால் அந்த நோய் வழக்கமான ஐந்து வருட ஹோர்மோன் மாத்திரைக் குளிசைக்கு மசியாத பொல்லாத வகை என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்பேர்ப்பட்டவளுக்குச் சொந்தத் தங்கையின் நோய் கடைசியாகத்தான் தெரிந்தது.

“உமக்கு என்ன தெரியுமெண்டு தன்ர வருத்தத்தை உம்மட்டச் சொன்னவள்?” என்று செல்வமலர் கேட்டாள்.

“எனக்கு ஒண்டும் தெரியாது எண்டபடியாலதான் மச்சாள் என்னட்டச் சொன்னவா, அக்கா.”

“அப்பிடியெண்டா?”

சயந்தினி கையிலிருந்த சேலைப் பின்னைத் திறந்து மூடினாள்.

“ஒருநாள் சாப்பிடேக்க நீங்கள் சொன்னனியளாம், ‘இண்டைக்கும் ஒரு பில், மூண்டும் நெகட்டிவ், பாவம் அந்தப் பிள்ளை’ எண்டு. அடுத்த கிழமை அவாவுக்கும் அதே றிசல்ட். ‘அக்கா என்னையும் அந்த முகத்தோட பாப்பா, எனக்கு ஏலாது’ எண்டு அழுதவா.”

செல்வமலரின் விரல்களுக்கிடையே கொய்யக மடிப்புகள் குலைந்தன. அப்படிச் சொன்னது அவளுக்கு நினைவேயில்லை. அப்படி எத்தனையோ பேருக்குப் பாவப்பட்டிருக்கிறாள்.

“நீர் என்ன சொன்னனீர்?”

“டொக்டர் அஞ்சு வருசக் குளிசை வேண்டாம் எண்டு சொன்னதாச் சொன்னவா. குளிசையே வேண்டாமெண்டா சின்ன வருத்தம்தானே மச்சாள் எண்டன். நான் அப்பிடித்தான் நினைச்சன் அக்கா, சத்தியமா. விழுந்து விழுந்து சிரிச்சவா. பிறகு ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, அதைச் சொல்லு சொல்லு எண்டுவா.”

அந்தச் சிரிப்பின் மீதும் செல்வமலருக்குப் பொறாமை வந்தது. சேலையின் ஒரு தலைப்பை சயந்தினியிடம் நீட்டினாள்.

“இப்ப ஒருக்காச் சொல்லும்.”

 சயந்தினி சிவகௌரியின் காதருகே குனிந்தாள்.

“சின்ன வருத்தம்தானே மச்சாள்.”

செல்வமலர் தங்கையின் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.