ஆடாத மிஷின்

மூன்றாவது ஓட்டைக்கு உளியை வைத்த ராமர், சுத்தியலை இறக்கிவிட்டுச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"செத்த நேரம் படுத்துக்கிறேனே, சுந்தரம். நெஞ்சு என்னமோ பண்ணுது."

"வேலைன்னு வந்தா உங்களுக்கு எங்கயாச்சும் வலிக்கும்" என்றாள் மனைவி சுந்தரம்மாள். "எங்க அக்கா மத்தியான பஸ்ஸுல வாரா. அவ முன்னாடி நான் இதைக் கால்ல மிதிச்சுக்கிட்டு அரைக்கணுமா?"

மூடிப்போன ஒரு காப்பிக் கடையிலிருந்து ராமர் வாங்கி வந்த, காப்பிக்கொட்டை அரைக்கிற பழைய மிஷின் அது. இரும்புச் சக்கரத்தோடு அம்மிக்கல் கனம். முதலில் வெறும் ஆணியில் மாட்டியபோது, அரைக்கத் தொடங்கியதுமே காரையோடு பெயர்ந்து விழுந்தது. அப்புறம் அடுப்படி மூலையில்தான் கிடந்தது. ஒட்டன்சத்திரத்து அக்கா ஜக்கம்மாள் போன தடவை வந்தபோது அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

ராமர் மறுபடி சுத்தியலை எடுத்தார். மிச்ச ஓட்டைகளையும் போட்டு, வேப்பங்கட்டை முளைகளை ஆழ அடித்து இறக்கினார். அவற்றின்மேல் பலகையை வைத்துத் திருகாணிகளை முடுக்கினார். மிஷினை இருவருமாகத் தூக்கினார்கள். அப்போது அவருடைய கை அவள் கைமேல் பட்டது. ஈரமாக, சில்லென்றிருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும், "சீக்கிரம் முடுக்குங்க, கை கடுக்குது" என்றாள்.

கடைசி போல்ட்டை முடுக்கியதும் மிஷினைப் பிடித்துத் தன் பாரம் முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்தார்.

"இனி விழாது" என்றார்.

சுவரோரமாக உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். குதிரைவண்டியில் டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஜக்கம்மாள் பஸ்ஸை விட்டிறங்கி வந்து தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எப்பிடிடி ஆச்சு?"

"படுத்திருந்தாரு யக்கா. படுத்தவாக்குலயே போயிட்டாரு."

சொன்ன பிறகு அதையே வந்தவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த வீட்டு ஜெய்தூன் பீவி காப்பிக்கொட்டையோடு அடுப்படிக்குள் போனாள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது. அரைத்துக்கொண்டுபோய், வந்தவர்களுக்குத் தன் வீட்டில் காப்பி போடலாம் என்றிருந்தாள். சக்கரம் சுற்றும் சத்தம் கூடத்துக்கு வந்தது. அழுதுகொண்டிருந்த சுந்தரம்மாள் நிறுத்திவிட்டாள்.

ஜெய்தூன் பீவி தூளோடு வெளியே வந்தாள். "எம்புட்டுக் கெட்டியா வச்சிருக்காரு மனுசன். ஒரு ஆட்டமில்ல. எப்ப மாட்டினாரு, சுந்தரம்?"

"போன வாரம்" என்றாள், தரையைப் பார்த்தபடி.

பொழுது இறங்குகையில் முற்றத்தில் ராமரைக் குளிப்பாட்டினார்கள். ரெட்டியார்சத்திரத்திலிருந்து வந்திருந்த அண்ணன் சுருளிவேல் தம்பியின் தலையைத் தேய்த்தவர், கையை விரித்துப் பார்த்தார்.

"என்னத்தா இது? தலையெல்லாம் காரைத்தூளு. நகக்கண்ணுல கூட இருக்கு."

ஜக்கம்மாள் அடுப்படிச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். சுந்தரம்மாள் நிமிரவில்லை.

"தண்ணிய ஊத்துங்க மச்சான்" என்றாள் ஜக்கம்மாள். "பொழுது சாயுது."

சுருளிவேல் ஊற்றினார். முற்றத்துச் சரிவில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி சுந்தரம்மாள் உட்கார்ந்திருந்த பக்கம் ஓடி வந்தது. அவள் கால்களை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள்.