அக்காவுக்காக ஒரு அட்டாச்டு பாத்ரூம்

தையல்காரிக்கு அக்கா என்றால் உயிர். அந்த அக்கா தன் வீட்டு அட்டாச்டு பாத்ரூம்களைப் பற்றி வாயைத் திறந்தால் மட்டும் இவளுக்கு உயிரே போய்விடும். "இன்னும் ஹாலைத் தாண்டித்தான் போறீங்களா? ஐயோ பாவம்!" என்பாள். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அது நெஞ்சில் ஊசி மாதிரி நிற்கும்.

அக்காவும் அவள் புருஷனும் ஒருநாள் தங்கிப் போக வருகிறார்கள் என்றதும் இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த ஒரு தடவையாவது அவள் 'பாவம்' சொல்லாமல் போக வேண்டும். மாமனார், கொழுந்தன் எல்லாரும் கூட இருக்கும் வீட்டில் இருப்பதோ ஒரே பாத்ரூம். இன்னொன்று கட்ட இடமும் இல்லை, வக்கும் இல்லை. அதனாலென்ன? கொத்தனாரைக் கூப்பிட்டாள். ஹால் பக்கத்து வாசலை அடைத்துவிட்டு, படுக்கையறைச் சுவரை உடைத்துக் கதவு வைக்கச் சொன்னாள்.

"மத்தவங்க எப்படிம்மா போவாங்க?" என்றார் கொத்தனார்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீங்க உடைங்கண்ணே!"

அக்கா வந்து புதுக் கதவைத் திறந்து திறந்து பார்த்தாள். "பரவாயில்லையே!" என்றவள், புருஷனோடு அந்த அறையிலேயே தாழ்ப்பாள் போட்டுப் படுத்தாள். தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. ஹாலில் பாயை விரித்துச் சிரித்துக்கொண்டே தூங்கினாள்.

விடிந்தது, வினையும் வந்தது. கதவுக்கு வெளியே துண்டும் தோளுமாக மாமனார். பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு கொழுந்தன். அவன் பின்னால் இவள் புருஷன். "உன் அக்கா, நீயே தட்டு," என்றான். தட்டினாள். தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்த அக்கா புருஷன், கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, ஓடிப்போய் பாத்ரூமுக்குள்ளேயே தாழ் போட்டுக்கொண்டார். இருந்த ஒரே வழியும் போச்சு! மற்றவர்கள் பின்னாலேயே போய் பாத்ரூம் கதவோரம் வரிசை கட்டினார்கள். மாமனார் மரியாதைக்காகக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்து, கட்டிலில் நன்றாக இடித்துக்கொண்டார்.

அக்கா அலறி எழுந்து போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "என்னடி கூத்து இது?"

இனி மென்று முழுங்கி என்ன பயன்? "வீட்டுக்கே இது ஒண்ணுதான்க்கா. உன் வாய்க்குப் பயந்துதான் வாசலை இந்தப் பக்கம் திருப்பினேன்," என்று போட்டு உடைத்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள்; வந்ததோ சிரிப்பு. வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"சிரிக்க வைக்காதீங்க அண்ணி, தாங்காது!" என்று கெஞ்சினான் கொழுந்தன்.

அக்காவுக்கும் அவசரம். போர்வையோடு இறங்கி எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "என் புருஷன்தானே உள்ள இருக்கார்? அடுத்தது நான்தான்!"

பிறந்ததிலிருந்து அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத தையல்காரி, இடுப்பில் கை வைத்தாள்.

"பின்னாடி போய் நில்லுக்கா."

அக்கா ஒரு முறை முறைத்தாள். பிறகு போர்வையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போய், தங்கை புருஷனுக்குப் பின்னால் கடைசி ஆளாக நின்றாள்.