யார் முதலில் நிறுத்துவது

பாத்திரக்காரர் தன் வாழ்க்கையில் எதற்கும் திட்டம் போட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை, அவர் மனைவிக்கு நிறைய வயிற்றெரிச்சல். பாத்திரக்காரர் என்றதும் பாத்திரம் விற்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் இசைக் கலைஞர். முறையாக டிரம்ஸ் கற்றவர்தான். தாளம் என்பது ஒரு சிறை என்று ஒருநாள் ஞானம் பிறந்து, டிரம்ஸை விற்றுவிட்டு, சல்லடை, சங்கிலி, சைக்கிள் சக்கரம், ஒரு தகரத் தகடு, சமையலறையில் கைக்கு அகப்பட்டது என்று தரையில் பரப்பி உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெயர் மாமனார் வீட்டில் கேலிக்கு வைத்தது. அவர் அதையே அழைப்பிதழில் போட்டுக்கொண்டார்.

இவரும் இவரைப் போன்றவர்களும் வாசிப்பதற்குப் பாட்டு கிடையாது, மெட்டு கிடையாது, ஒத்திகை கிடையாது. மேடையில் அந்த நிமிடம் என்ன தோன்றுகிறதோ அதுதான். எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்கிற இந்த உலகத்தில் செய்யக் கூடாதவை மட்டும் ஏராளம். அவற்றில் தலையாயது, எப்போது முடிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது. முடிவு தானாக வர வேண்டும். ஒருமுறை கிட்டார்காரர் ஒருவர், எல்லாரும் களைத்துப்போயிருந்த நேரத்தில், முடிக்கலாமா என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டிவிட்டார். அத்தோடு சரி, அவரை யாரும் கூப்பிடுவதில்லை. இப்போது ஏதோ ஓட்டலில் பழைய சினிமாப் பாட்டு வாசிக்கிறாராம். சந்தோஷமாக இருக்கிறார் என்றும் சொல்கிறார்கள், அதை யாரும் நம்பவில்லை.

பாத்திரக்காரருக்கு ஜோடி ஒரு சாக்ஸபோன்காரர். கன்னத்தில் காற்றைத் தேக்கி ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்ளும் வித்தை கைவந்தவர். நடுவில் நிறுத்தவே வேண்டாம். அதனால் அவர் பெயர் மூச்சு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரமும் இல்லை. பாத்திரக்காரரின் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, இவர்கள் வாசித்து முடிக்கும்வரை மூச்சின் சாக்ஸபோன் பெட்டியில்தான் தூங்குவாள். முடித்த பிறகும் அவள் விழித்துவிடக் கூடாதே என்று அவர் வாத்தியத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றதுண்டு.

அந்தக் குழந்தைதான் இப்போது வேலை கிடைத்து வெளிநாடு போகிறாள். மூன்று வருட ஒப்பந்தம். ஆறு மணி ரயிலில் ஏறி, விமான நிலையம் இருக்கும் நகரத்துக்குப் போக வேண்டும். பாத்திரக்காரருக்கோ அன்று மூன்று மணிக்கு நிகழ்ச்சி.

"ஸ்டேஷனுக்கு வருவீங்களாப்பா?" என்று காலையில் கேட்டாள்.

"வராம? நாலரைக்கெல்லாம் முடிஞ்சிடும்மா."

"எப்ப முடியும்னு உங்களுக்கே தெரியாதேப்பா" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் பள்ளி நாடகத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டமளிப்புக்குப் போனபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருமுறைகூடக் குறை சொன்னதில்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது. இந்த ஒரு தடவை விட்டால் மூன்று வருடம் ஆகும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே, சாமான்களை மூட்டை கட்டினார். கட்டுகிற அவசரத்தில் சமையலறை மேடையில் இருந்த புது டிபன் டப்பாவையும் சேர்த்துப் போட்டுக்கொண்டார். தட்டிப் பார்த்தார், நன்றாக ஒலித்தது. அது மகளின் பயணத்துக்காக வாங்கியது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

நிகழ்ச்சி நடந்த இடம் முன்பு பெயிண்ட் கிடங்காக இருந்த ஒரு கூடம். இப்போது சுவரெல்லாம் வெள்ளை. மூலையில் குளிர்பானம் வைக்கும் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். அதை அணைக்கலாமா என்று யாராவது கேட்டால், நிகழ்ச்சி நடத்துகிற அம்மாள் முகம் சுளிப்பார். அதுவும் இந்த இடத்தின் குரல்தானாம்.

உள்ளே போவதற்கு முன் பாத்திரக்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"இன்னைக்கு கொஞ்சம் சின்னதா வருமோன்னு தோணுதுப்பா."

மூச்சு அவரை ஒரு மாதிரி பார்த்தார். "அது நம்ம கையிலயா இருக்கு?"

அதற்குமேல் எப்படிக் கேட்பது? கிட்டார்காரரின் கதி கண்முன் வந்தது. சாமான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

கூட்டம் வழக்கமான கூட்டம்தான், இருபது பேர் தேறாது. முன்வரிசையில் விமர்சகர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தூங்குகிறாரா ரசிக்கிறாரா என்று இத்தனை வருடத்தில் யாருக்கும் பிடிபடவில்லை. பாத்திரக்காரர் டிபன் டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுச் சுழற்றினார். மூச்சு ஊத ஆரம்பித்தார். நேரம் போனதே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், நன்றாகவே வாசித்தார்கள்.

மணியைப் பார்ப்பது பெரும் பாவம் என்றாலும், பாத்திரக்காரர் செல்போனைத் தகரத் தகட்டின் மேல் ஓரமாக வைத்திருந்தார். ஐந்தாகப் போகிறது. சரி, முடிவைக் கொஞ்சம் கையைப் பிடித்து அழைத்து வருவோம் என்று, சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். மூச்சும் குறைத்தார். இருவரும் நூலாக மெலிந்து, இதோ அறுந்துவிடும் என்கிற கட்டத்தில் ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. மூச்சு அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு மறுபடி மேலே ஏறினார்.

அடுத்து, பாத்திரக்காரர் தகட்டையும் மடியில் இருந்த டப்பாவையும் விட்டு மற்ற எல்லாவற்றையும் ஒரே அடியாகத் தள்ளிவிட்டார். இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம், பிறகு அமைதி. அப்பாடா என்று அவர் நிமிர்ந்தபோது மூச்சு கிறீச்சிட்டார். கடைசியில் பாத்திரக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டார். விமர்சகர் கண்ணைத் திறந்தார். அப்படி ஒரு சம்பவம் இதுவரை நடந்ததில்லை. கூட்டமே முன்னால் சாய்ந்தது.

அந்த நேரம் பார்த்து செல்போன் தகட்டின் மேல் கிடந்து துடித்தது. வீட்டுக்காரி. விர்ர் விர்ர் என்று தகடு அதிர, மூச்சு அதே ஸ்வரத்தை எடுத்து நீட்டினார். நடத்துகிற அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அழைப்பு நின்றதும் திரையில் ஒரு செய்தி வந்தது: "ஸ்டேஷன்ல வண்டி வந்து நின்னாச்சு. டிபன் டப்பாவும் காணோம், உங்களையும் காணோம்."

 பாத்திரக்காரர் மடியில் இருந்த டப்பாவை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். கோலிக்குண்டுகளைத் தரையில் கொட்டினார். எழுந்து நின்றார்.

"போதும்ப்பா. என் பொண்ணு ஊருக்குப் போறா" என்றார், சத்தமாக.

 "குரலைக் கொண்டுவந்துட்டார் பாருங்க" என்று விமர்சகர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. மூச்சு கண்ணை அகல விரித்தார், ஆனால் ஊதுவதை விடவில்லை. கூட இருந்து ஊதுகிறவனுக்குக்கூடவா புரியாது? ஆத்திரம் பற்றிக்கொண்டு வர, பாத்திரக்காரர் டப்பாவும் கையுமாக நடந்தார். இரண்டு பேர் மரியாதையாக வழி விட்டார்கள். செருப்பு மேடையோரத்திலேயே கிடந்தது.

டாக்ஸியில் உட்கார்ந்து, வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒத்திகை பார்த்தார். "வர வேண்டிய இடத்துக்கெல்லாம் வராம இருந்துட்டேன், மனசுல வெச்சுக்காதம்மா." மறுபடி சொல்லிப் பார்த்தார். "மனசுல வெச்சுக்காதம்மா" என்பதில் குரல் உடைந்தது. அந்த இடத்தை மட்டும் தனியாகச் சொல்லிப் பழகினார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

பிளாட்பாரத்தில் ஓடினார். மகள் பெட்டியின் வாசலில் நின்றிருந்தாள்.

"வந்துட்டார் உங்கப்பா" என்றாள் அவர் மனைவி. அவள் பார்வை டப்பாவில் போய் நின்றது. "நினைச்சேன்."

"செருப்பு எங்கப்பா?" என்றாள் மகள்.

பழகி வைத்த வாக்கியம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "டிக்கெட் இருக்கா?" என்றார்.

"இருக்குப்பா."

"பாஸ்போர்ட்?"

"இருக்கு."

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு." டப்பாவை நீட்டினார். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, என்ன?" முப்பது வருடமாக ஒரு சத்தத்தை இரண்டாம்முறை எழுப்பாதவர் என்று பெயர் வாங்கிய மனிதர், உலகத்தில் உள்ள எல்லா அப்பாக்களும் சொல்கிற அதையே மூன்றாவது தடவையும் சொன்னார்.

டப்பாவின் மூடி நசுங்கி, மூடாமல் நின்றது. அவள் அதை அழுத்திப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நிகழ்ச்சி முடிஞ்சுதாப்பா?"

"இல்லம்மா."

"முடியாமலேயே வந்துட்டீங்களா?"

காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தவள் முகம் கோணியது. டப்பாவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள்.  வண்டி நகர்ந்தது. அவர் கையை ஆட்டினார். கடைசிப் பெட்டியும் போய், தண்டவாளம் மட்டும் மிஞ்சிய பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார். மனைவிதான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

சாமான்களையும் செருப்பையும் எடுக்க இருவருமாகக் கூடத்துக்குத் திரும்பினார்கள். வாசலிலேயே சாக்ஸபோன் சத்தம் கேட்டது. மூச்சு இன்னும் ஊதிக்கொண்டிருந்தார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை, போகிற துணிச்சல் யாருக்கும் இல்லை. பாத்திரக்காரர் உள்ளே வந்ததைப் பார்த்ததும் மூச்சின் கண்கள் அவரை விட்டு அகலவில்லை. கெஞ்சுகிற கண்கள். அப்போதுதான் பாத்திரக்காரருக்கு உறைத்தது. இந்த மனிதர் திமிரில் ஊதவில்லை. நிறுத்தப் பயந்துபோய் ஊதிக்கொண்டிருக்கிறார். ஒருவேளை இத்தனை வருடமும் அப்படித்தானோ? தானும்தான் என்று நினைத்தபோது அவருக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பக்கத்தில் போய் அவர் தோளில் கையை வைத்தார்.

"போயிட்டாப்பா."

மூச்சு சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்தார். உதடு வீங்கியிருந்தது. "அழுதாளா?"

"அழுதா."

மூச்சு மடியில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஃபிரிட்ஜ்கூட அந்த நேரம் அடங்கியிருந்தது. பிறகு எல்லாரும் மரத்துப்போன முழங்காலைத் தேய்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார்கள்.

விமர்சகர் மேடையோரம் வந்தார். "நடுவுல பாத்திரச் சத்தமே இல்லாம விட்டீங்களே, அந்த இல்லாமை, அதுதான் இன்னைக்கு உச்சம். இந்த மாதிரி நான் கேட்டதே இல்ல." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "முடிவுதான் கொஞ்சம் இடிக்குது. முன்னாடியே பேசி வெச்சுக்கிட்ட மாதிரி இருந்துது."

பாத்திரக்காரரின் மனைவி தரையில் குனிந்து கோலிக்குண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றாள். "ரெண்டு மாசம் முன்னாடியே டிக்கெட் போட்டாச்சு."