ஜன்னலைத் திறக்கலாமா

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த வீட்டின் நடைவழியில் நின்றபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்காரர் காணாமல் போன தன் அம்மாவின் புகைப்படத்தை உறையிலிருந்து எடுத்து, விரல்ரேகை பட்டுவிடாமல் ஓரங்களை மட்டும் பிடித்து என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். சோபாவின் மேல் பிளாஸ்டிக் உறை, ரிமோட்டுக்கு உறை, சுவர்க் கடிகாரத்துக்குக்கூட ஒரு உறை. வீடு முழுக்க எலுமிச்சை வாசனை அடித்துவிட்டிருந்தார். அதற்கு அடியில்தான் அது இருந்தது. அழுகலும் மூத்திரமும் கலந்து, கடைசியில் தொண்டையில் ஒரு தித்திப்பாக வந்து உட்காருகிற நாற்றம். நடைவழியின் கோடியில் பூட்டியிருந்த ஒரு கதவுப் பக்கம் அது அதிகமாக இருப்பதுபோல் தோன்றியது.

நான் என் துணை ஆய்வாளர் பக்கம் திரும்பினேன்.

"ஜன்னலைத் திறக்கலாமாம்மா?"

அவள் குறிப்பேட்டிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள். "வேணாம் சார்."

வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிவிட்டுப் புகைப்படத்தை வாங்கிக்கொண்டேன். "அந்த ரூம்ல என்ன இருக்கு?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "பழைய சாமான் சார். சாவி எங்கயோ கெடக்கு, தேடணும்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அந்தச் சாவியைக் கேட்க எனக்கு இருந்த ஒரே காரணம் என் மூக்கு. அதைத்தான் நான் நம்பக் கூடாது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எட்டு நாள் ஆன ஒன்றைத் தூக்கினோம். கால் பக்கம் நான் பிடித்தேன். அந்த நாற்றம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. குளித்தேன், போட்டிருந்த துணியைக் கொளுத்தினேன், மீசையை மழித்தேன். சாப்பாட்டுத் தட்டில் அது இருந்தது. தலையணையில் இருந்தது. ஒருநாள் என் மகளின் தலைமுடியில் இருந்தது. குழந்தையைத் தள்ளிவிட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆறு மாதம் விடுப்பு, காலையில் இரண்டு மாத்திரை, சாயங்காலம் ஒன்று. நாற்றம் வெளியே இல்லை, மூளையில் இருக்கிறது என்றார் மனநல மருத்துவர். எழுந்திருக்கவே பிடிக்காமல் படுத்துக் கிடந்ததும் அதோடு சேர்ந்த நோய்தானாம். திரும்ப வேலைக்கு வந்தபோது எனக்கு மூக்கன் என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள், ஆனால் காதில் விழுகிற மாதிரி. என் மூக்கைப் பிடித்தவர்கள் காதை விட்டுவிட்டார்கள்.

மருத்துவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். "உங்க மூக்க நம்பாதீங்க. நம்பிக்கையான இன்னொருத்தர் மூக்க வச்சுக்கங்க. சந்தேகம் வந்தா அவங்கள கேளுங்க. இல்லன்னு சொல்லிட்டா இல்ல. அதோட விட்டுடணும்."

துணை ஆய்வாளரிடம் மட்டும்தான் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் ஜீப்பை ஓரமாக நிறுத்தி, எல்லோர் முன்னாலும் எப்படிக் கேட்பீர்கள் என்று யோசித்து, இந்த ஏற்பாட்டைச் செய்தாள். ஜன்னலைத் திறக்கலாமா என்று நான் கேட்க வேண்டும். நாற்றம் நிஜமென்றால் திறக்கலாம் என்பாள், இல்லையென்றால் வேண்டாம் என்பாள். ஒருமுறை பொட்டல்வெளியில் நின்றுகொண்டு கேட்டுவிட்டேன். கூட வந்திருந்த போலீஸ் போட்டோக்காரன் ஜன்னலைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஒரு வருடத்தில் அவள் நாலு தடவை திறக்கலாம் என்றிருப்பாள், நாலு தடவையும் ஏதோ இருந்தது. மற்றபடி எப்போதும் வேணாம் சார்தான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் மனுஷனாக நடமாடிக்கொண்டிருந்தேன்.

புகார் கொடுத்தது மகன் இல்லை, காணாமல் போனவரின் தங்கை. வேறு ஊரிலிருந்து வந்து, தினமும் காலையில் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருப்பார். "ஞாயித்துக்கிழமை ஏழு மணியானா அக்கா போன் பண்ணிடுவா சார். நாப்பது வருஷமா. செத்தாலும் போன் பண்ணிட்டுத்தான் சாவா. அஞ்சு ஞாயிறு ஆச்சு." மகனைக் கேட்டால் வேறு கதை. அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது, போனைக்கூட எடுக்கத் தெரியவில்லை, பன்னிரண்டு நாளைக்கு முன் காலையில் கேட்டைத் திறந்துகொண்டு போனவர் திரும்பவில்லை, தேடாத இடமில்லை. சொல்லும்போது அவர் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்து மாட்டிக்கொண்டார்.

நாங்களும் தேடினோம். பேருந்து நிலையங்கள், ரயிலடி, ஆஸ்பத்திரிகள், பிணவறை. புகைப்படத்தைக் காட்டினால் ஜனங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுகிறார்கள். ஒரு கிழவி தொலைந்ததில் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. டீக்கடையில் என் பக்கத்தில் நின்றவன், "வயசானவங்கதானே சார், விடுங்க" என்று சொல்லிவிட்டுக் காறித் துப்பினான். எனக்கு எல்லாமே அருவருப்பாக இருந்தது. அவன் எச்சில், டம்ளரின் விளிம்பு, என் சட்டைக் காலர். செவ்வாய்க்கிழமை அந்த நடைவழியில் பிடித்த நாற்றம் போகவே இல்லை. வியாழக்கிழமை மருத்துவருக்குப் போன் செய்து, திரும்ப ஆரம்பித்துவிட்டது என்றேன். "பயப்படாதீங்க" என்று சொல்லி சாயங்கால மாத்திரையை இரண்டாக்கினார். அன்றைக்கு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

சனிக்கிழமை வாய்க்காலில் ஒரு பெண் உடல் ஒதுங்கியது. முகம் தெரியவில்லை. மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க அம்மாவின் சீப்போ பல்துலக்கியோ வேண்டும் என்று மறுபடி அந்த வீட்டுக்குப் போனோம். கண்ணாடிக்காரர் சீப்பை வெள்ளைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தார். அதை வாங்கும்போதுதான் வெளிச்சம் அவர் முகத்தில் சரியாக விழுந்தது. மூக்குத் துவாரங்களின் விளிம்பில் மட்டும் தைலம் மினுங்கியது.

"சளியா?" என்று கேட்டேன்.

"ஆமா சார். நாலஞ்சு நாளா பாடாப் படுத்துது."

குரல் கணீரென்று இருந்தது. சளி பிடித்தவன் தைலத்தை நெற்றியில் தேய்ப்பான், நெஞ்சில் தேய்ப்பான், தொண்டையில் தேய்ப்பான். சுண்டுவிரல் நுனியால் துளியூண்டு தொட்டுத் துவாரத்தின் விளிம்பில் மட்டும் பூசுகிறவனுக்குச் சளி இல்லை. அவன் எதையோ முகராமல் இருக்கப் பார்க்கிறான். நாள்பட்டால் அந்த இடத்துத் தோல் வெந்து, வெள்ளையாக உரியும். அவருக்கு உரிந்திருந்தது. மூன்று வருடமாக அந்தத் தோலை நான் என் முகம் பார்க்கும் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். என் சட்டைப்பையில் அதே தைல டப்பி இருந்தது, காலையில் பூசியது என் மூக்கின் விளிம்பிலும் இருந்தது.

நடைவழியைப் பார்த்தேன். பூட்டிய கதவின் கீழ் இடுக்கில் கால்மிதி ஒன்றைச் சுருட்டிச் செருகியிருந்தது.

"ஜன்னலைத் திறக்கலாமாம்மா?"

"வேணாம் சார்."

அவளை ஒரு நிமிடம் வெளியே வரச் சொன்னேன். கேட்டுக்குப் பக்கத்தில், ஜீப்பின் மறைவில், கண்ணை மூடு என்றேன். தைல டப்பியைத் திறந்து அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். கண்ணில் தண்ணீர் வரவழைக்கிற சாமான் அது. அவள் இமைகள் லேசாக எரிந்து துடித்தன.

"என்ன வாசனை?"

அவள் இன்னொரு முறை ஆழமாக இழுத்துப் பார்த்தாள். மூடிய கண் மூடியபடியே இருக்க, முகம் மட்டும் சிவந்துகொண்டு வந்தது.

"எப்பலேர்ந்தும்மா?"

"அந்தக் காய்ச்சல் வந்துச்சே சார், அதுலேர்ந்து. மூணு மாசம்."

"மூணு மாசமா வேணாம் வேணாம்னு சொல்லிட்டிருந்தியே?"

"முக்கால்வாசி நேரம் இருக்காதே சார்." கண்ணைத் திறந்தாள். "எனக்குத் தெரியலன்னு சொன்னா நீங்க யாரக் கேப்பீங்க? மறுபடி லீவு போட்டுட்டுப் போய்ப் படுத்துடுவீங்க. திரும்பிடும் திரும்பிடும்னு பாத்தேன். திரும்பல."

ஓங்கி அறையலாம்போல் கோபம் வந்தது. அறைய வேண்டியது அவளையா என்றுதான் தெரியவில்லை. ஒரு வீட்டில் அப்படி நாறியும், பழகிய வார்த்தையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு நாலு நாள் ஊரெல்லாம் போட்டோ காட்டிக்கொண்டு திரிந்தவன் நான். அவளைத் தாண்டி உள்ளே போனேன்.

"அந்த ரூம் சாவிய எடுங்க."

"அதுதான் சார், எங்க வச்சேன்னு..."

"நாத்தம் அடிக்குது. எடுங்க."

கண்ணாடிக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பயப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் தளர்ந்து, ஏதோ சொந்தக்காரனைக் கண்டுகொண்டதைப்போல் ஆனது.

"உங்களுக்கும் அடிக்குதா சார்?" என்றார். "எனக்கு மட்டும்தான்னு நெனச்சிட்டிருந்தேன்."

சாவி அவர் கால்சட்டைப் பையிலேயே இருந்தது. கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தார். கேட்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு போய்விட்டது. முதலில் அவர்தான் எல்லாம் பார்த்தார், எடுத்தார், கழுவினார். "ஒரு மாசம் பாத்தேன் சார். எவ்வளவு கழுவினாலும் போகல. சாப்பிட உக்காந்தா வாந்தி. ரெண்டு நாளைக்கு வைப்போம், வீடு கொஞ்சம் சுத்தமாகட்டும்னுதான் உள்ள விட்டேன். அப்புறம் முதுகுல புண்ணு வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வெக்கமா இருந்துச்சு. இவ்வளவு நாள் என்ன பண்ணேன்னு கேப்பாங்க இல்ல? சித்தி வந்து கேட்டப்போ வாய்ல அப்படி வந்துடுச்சு, வெளிய போய்ட்டாங்கன்னு. தண்ணி வச்சேன் சார். பிஸ்கட் வச்சேன். மூச்சப் பிடிச்சுக்கிட்டு வச்சுட்டு வந்துடுவேன்." சொல்லச் சொல்ல என்னை மேலும் மேலும் நெருங்கி வந்தார். என் தோளில் கை வைத்துவிடுவாரோ என்று விலகிக்கொண்டேன். ஒரு கொலைகாரனை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியும். இந்த ஆளைப் பார்க்க முடியவில்லை. குழந்தையைத் தள்ளிவிட்டது என் கைதான்.

கதவைத் திறந்தேன். அது மொத்தமாக வந்து முகத்தில் மோதியது. அந்த முதல் நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிஜம், இது நிஜம், நான் பைத்தியமில்லை என்று நெஞ்சு குதித்தது. அதற்கு அடுத்த நொடியில் உள்ளே ஏதோ அசைந்தது. என் வாழ்நாளில் என்னைப் பற்றி அவ்வளவு அருவருப்பு எனக்கு வந்ததில்லை.

அட்டைப்பெட்டிகளுக்கும் உடைந்த கட்டிலுக்கும் நடுவில் தரையில் விரித்த ரப்பர் விரிப்பில் கிடந்தார். புகைப்படத்தில் இருந்ததில் பாதிதான் இருந்தார். துணை ஆய்வாளர் என்னைத் தாண்டிக்கொண்டு நேராக உள்ளே போனாள். ஈரம், ஈக்கள் எதையும் பார்க்காமல் மண்டியிட்டு, அந்தத் தலைக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். இன்னொரு கையால் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். தெருப்பெயரைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது. நான் வாசற்படியிலேயே நின்றிருந்தேன். கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் டப்பியைப் பிடித்திருந்தது.

அந்த அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. மறதியெல்லாம் இல்லை. உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டதால் வார்த்தை மெதுவாக வந்தது.

"அன்னைக்கும் வந்தீங்கல்ல. ரெண்டு பேரும் பேசினது கேட்டுச்சு."

"ஏம்மா கூப்பிடல?" என்றாள் துணை ஆய்வாளர்.

"இந்தக் கோலத்துல எப்படிம்மா கூப்பிடறது."

பின்னால் சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்காரர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். நான் எப்படிக் கழுவுவேனோ அப்படியே கழுவினார்.

அந்த அம்மா கண்ணைத் திருப்பி வாசற்படியில் நின்ற என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாக என் வீட்டில் எல்லோரும் பார்க்கிற முகம்தான்.

"தம்பி," என்றார். "அந்த ஜன்னலத் தொறந்து விட்டுக்கப்பா. உனக்கு நாறும்."

அந்த அறையில் ஜன்னலே இல்லை. துணை ஆய்வாளர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"வேணாம்மா," என்றேன்.

மூக்கின் விளிம்பிலிருந்த தைலத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு உள்ளே போனேன். தரை ஈரமாக இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.