அந்தத் துண்டின் நிறம்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துப் பிடிக்கவில்லை. அக்கா போனில் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது.

"வாரா வாரம் யார் கொன்னதுன்னு கண்டுபிடிச்சு எழுதுறியே. எனக்கு ஒண்ணு கண்டுபிடிச்சுக் கொடுடி."

என்ன என்று கேட்டேன்.

"என் பையன் அன்னைக்கு என்ன நிறத்துல இருந்தான்னு."

தொடர்கதை என்றால் இரண்டாவது வாரத்துக்குள் ஒரு பிணம் விழ வேண்டும் என்பார் எங்கள் பத்திரிகை ஆசிரியர். இந்தக் கதையில் முதல் வரிக்கு முன்பே விழுந்துவிட்டது. ரொம்பச் சின்னப் பிணம். அக்காவின் மகன் பிறந்து பத்து நாள்கூட இருக்கவில்லை. மஞ்சள் காமாலை. நான் அப்போது வேறு ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன், அவனைப் பார்க்கவேயில்லை.

அவன் உயிரோடு இருந்ததற்குச் சாட்சி ஒரே ஒரு போட்டோ. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, ஜன்னலோரம் துண்டில் சுற்றிப் படுக்கவைத்து, அத்தான் எடுத்தது. அக்காவின் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். அன்று காலை, "பிள்ளை மஞ்சளா இருக்கானே" என்று அக்கா சொன்னாள். வெளிச்சம் அப்படி இருக்கிறது என்றார் அத்தான். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனது இரண்டு நாள் கழித்து. இரண்டு நாள் முன்னாலேயே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டாராம்.

எல்லாம் முடிந்தபிறகு ஸ்டூடியோவிலிருந்து பிரிண்ட் வந்தது. அதில் குழந்தை ரோஜா நிறத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அது சட்டம் போட்டு அவர்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. எப்போது சண்டை வந்தாலும், எதில் ஆரம்பித்தாலும், கடைசியில் அந்தக் காலைக்குத்தான் போகும். அப்போது அத்தான் சுவரில் இருக்கும் அந்தப் படத்தைப் பார்ப்பார். அதோடு அக்கா சண்டையை விட்டுவிடுவாள்.

போன மாதம் பீரோவைக் காலி செய்தபோது அடியில் நெகட்டிவ் கிடைத்திருக்கிறது.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன்; மூன்றையும் இங்கேயே விட்டுவைக்கிறேன், குப்பையாகவாவது இருக்கட்டும்.

*பழுப்பு உறையை அவள் பிரித்தாள். உள்ளே ஒரு கொலைக்கான—*

(கொலை இல்லை. நிறுத்து.)

*அந்த வீட்டில் பொய் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே ஒருவர்தான். அது யார் என்பது*

(எனக்கே தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி மறைத்துவைப்பது என் பிழைப்பு. இதில் அது செல்லாது.)

*ஜன்னல். வெயில். துண்டு. துண்டுக்குள்*

(இந்த மூன்றாவதை முடிக்க என்னால் முடியவில்லை.)

3

பழைய நெகட்டிவை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் படமாக்கித் தருகிற ஒருவரிடம் அக்காவும் நானும் போனோம். ஸ்கேன்காரரின் கடை, மொபைல் ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில். உள்ளே நுழைந்ததும் சிமெண்ட் மூட்டைக்குள் விழுந்த மாதிரி இருந்தது. சுவர் சாம்பல், திரை சாம்பல், அவர் போட்டிருந்த சட்டையும் சாம்பல். சுற்றி வேறு நிறம் இருந்தால் கண் ஏமாந்துவிடும் என்றார். கல்யாண டிரஸ் நிறம் மாறிவிட்டது என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளித்தே தனக்குப் பாதி முடி போய்விட்டதாம். மீதிப் பாதி பரம்பரையில் போனதாம்.

அக்கா சிரிக்கவில்லை. நெகட்டிவை நீட்டினாள்.

கலர் நெகட்டிவ் நேராகப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். எல்லாமே தலைகீழ்: வெள்ளை கறுப்பாக, மஞ்சள் நீலமாக. படத்துக்கும் படத்துக்கும் நடுவில் ஒன்றும் பதியாத ஒரு கோடு இருக்குமே, அதை வைத்து ஆரஞ்சைக் கழிக்க வேண்டும். பிறகு புரட்ட வேண்டும். இதுவரை கணக்கு. கழித்துப் புரட்டிய பிறகும் அந்த அறையின் அன்றைய வெளிச்சம், பிலிமின் வயசு எல்லாம் படத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழிக்க, படத்துக்குள் ஏதாவது ஒன்றின் உண்மையான நிறம் தெரிந்திருக்க வேண்டும். அதனால் வருகிற எல்லாரிடமும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"எந்த இடத்தை வெள்ளைன்னு வச்சுக்கட்டும்?"

அவர் விரல் திரையில் துண்டின்மேல் போய் நின்றது. அழுத்தினார். குழந்தைக்கு ரோஜா நிறம் வந்துவிட்டது.

"அது வெள்ளைத் துண்டு இல்லீங்க," என்றாள் அக்கா. "இளமஞ்சள்."

விரலை எடுத்தார். மஞ்சள் துண்டை வெள்ளை என்று சொன்னால், மிஷின் அந்த மஞ்சளைப் படம் முழுக்கக் கழித்துவிடும். குழந்தையிலிருந்தும்.

வீட்டில் மாட்டியிருக்கும் பிரிண்ட் பற்றி நான் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். லேப்களில் குழந்தைப் படம் என்றால் கேட்காமலே சிவப்பைக் கொஞ்சம் ஏற்றிவிடுவார்கள் என்றார். சிவப்பாக இருந்தால்தானே பெற்றவர்களுக்குப் பிடிக்கும்.

(இங்கே நானே ஒரு நிமிஷம் எழுதுவதை நிறுத்தினேன். இத்தனை வருஷம் அக்காவின் வாயை அடைத்தது, முகம் தெரியாத ஒரு லேப் ஆளின் நல்ல மனசு.)

4

அத்தானைப் பற்றி.

முதல் வடிவில் அவரை வில்லன் ஆக்கினேன். கை பழகிப்போய்விட்டது. துண்டு வெள்ளை என்றே அவர் சொல்லிவருவதாக அக்கா சொல்லியிருந்தாள்; அந்த இடத்தில் "அவர் உதட்டோரம் ஒரு நெளிவு" என்றுகூட எழுதினேன். பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அத்தான் உள்ளே அக்காவின் பழைய செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். "வாம்மா, இவளுக்குப் புதுசு வாங்கிக் கொடுத்தா போட மாட்டா" என்றார். உதட்டில் நெளிவெல்லாம் இல்லை. மூக்குக் கண்ணாடிதான் நழுவிக்கொண்டிருந்தது.

துண்டைப் பற்றிக் கேட்டேன்.

"வெள்ளைம்மா. நான் வாங்கினது, எனக்குத் தெரியாதா?"

துண்டை எடுத்துப் பார்த்தால் தீர்ந்தது என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். அந்தத் துண்டில் சுற்றித்தான் அவனைப் புதைத்தார்கள்.

5

துப்பறிவது என்று வந்துவிட்டால் எனக்கு வெறி பிடித்துவிடும். கண்ணின் வெண்மை? குழந்தை தூங்குகிறான். சுவர்? (*அவள் பழைய வீட்டுக்குப் போய்ச் சுவரைச் சுரண்டினாள், மூன்றாவது அடுக்கில்* என்று எழுதி அடித்தேன். அந்த வீட்டையே இடித்துவிட்டார்கள்.) அந்த ரோலில் மற்ற படங்கள்? எல்லாம் ராத்திரி பல்பு வெளிச்சத்தில் எடுத்தவை. அதன் கணக்கு இதற்கு உதவாது.

ஜன்னல் விளிம்பில் ஓர் அலாரம் கடிகாரம் தெரிந்தது. பிளாஸ்டிக். பரணில் இன்னும் கிடக்கிறது என்றாள் அக்கா. நானே ஏறி எடுத்துவந்தேன்.

ஸ்கேன்காரர் அதை வாங்கிப் பார்த்தார். பழைய பல் மாதிரி மஞ்சளாக இருந்தது. பிறகு அவர் செய்ததை என் கதாநாயகன் எவனும் செய்ததில்லை: பின்பக்கம் திருப்பி பேட்டரி மூடியைக் கழற்றினார். மூடிக்கு உள்ளே, வெயில் படாத இடம், பளிச்சென்று வெள்ளை.

வாங்கியபோது வெள்ளை. இப்போது மஞ்சள். படம் எடுத்த அன்று? அப்போதே அது சில வருஷம் ஜன்னலில் வெயில் காய்ந்த கடிகாரம். பிளாஸ்டிக் எந்த வருஷம் எவ்வளவு மஞ்சளாகும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

கடிகாரத்தை வெள்ளை என்று வைத்தால் துண்டு வெள்ளை, பிள்ளை ரோஜா. இன்றைய மஞ்சள் என்று வைத்தால் துண்டு மஞ்சள், பிள்ளை... அந்தப் படத்தை அவர் அரை நிமிஷம் திரையில் வைத்திருந்தார். அக்கா திரைப் பக்கம் கையை நீட்டினாள், தொடாமலே இழுத்துக்கொண்டாள்.

6

முடிவுகள் தயாராக இருக்கின்றன. அளவெடுத்துத் தைத்தவை.

முடிவு அ: குழந்தை மஞ்சள்தான். அக்கா ஜெயிக்கிறாள். (என்ன ஜெயிக்கிறாள்? கண்ணால் பார்த்தும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், அவர் பேச்சைக் கேட்டு இரண்டு நாள் படுத்திருந்தவள் என்றாகிறாள்.)

முடிவு ஆ: குழந்தை ரோஜா. அன்று மஞ்சளே இல்லை. (அப்படியானால் அவள் சொன்னது? பிற்பாடு பார்த்த மஞ்சளை அந்தக் காலையில் கொண்டுபோய் ஒட்டிவைத்துக்கொண்டாளா? ஒன்றும் செய்யாத மனுஷனையா இத்தனை வருஷம்—)

முடிவு இ: நெகட்டிவ் எரிந்துபோகிறது. (இது பயந்தாங்கொள்ளி முடிவு. இரண்டு தொடரில் நான் இதைச் செய்திருக்கிறேன். உங்கள் கடிதங்களும் வந்தன.)

எது வேண்டும் என்று அக்காவிடமே கேட்டேன். "நான் அன்னைக்குச் சொன்னேனா இல்லையான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்குடி," என்றாள். "அது மட்டும் தெரிஞ்சா போதும்."

அது மட்டும்தான் நெகட்டிவில் பதிவதில்லை.

7

கடைசியாக மூன்று பேரும் போனோம். அத்தானை அக்காதான் கூப்பிட்டாள்.

சாம்பல் அறையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். ஹாலில் மாட்டியிருக்கும் பிரிண்ட் எப்படி வந்தது என்பதை ஸ்கேன்காரர் அவருக்கும் சொன்னார். அத்தான் கேட்டுக்கொண்டார். பிறகு மஞ்சள் படத்தை விரலால் சுட்டினார்.

"அதையே போடுங்க. துண்டு மஞ்சள்தான்."

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"இவ்ளோ வருஷம் வெள்ளைன்னீங்க."

"மஞ்சள்தான்."

"ஞாபகம் வந்து சொல்றீங்களா, எனக்காகச் சொல்றீங்களா?"

பழக்கதோஷத்தில் அவர் கண்கள் சுவரைத் தேடிப் போயின. அந்தச் சுவரில் ஒன்றும் இல்லை. வெறும் சாம்பல்.

"சொல்லுங்க," என்றாள் அக்கா. அவர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்க ஏங்கிய வார்த்தை கிடைத்துவிட்டது. இனி அதை நம்ப அவளால் முடியாது.

(இங்கே எனக்கு ஒரு வரி தேவைப்படுகிறது. மூன்று நாளாகத் தேடுகிறேன். என்னிடம் இருப்பதெல்லாம் திருப்பங்கள்.)

ஆகவே உங்களிடம் தருகிறேன். தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இருவரையும் நீங்களும் பார்த்துவிட்டீர்கள். குழந்தையை என்னைப் போலவே நீங்களும் பார்த்ததில்லை. அக்கா தலை நிமிரவில்லை. அத்தான் கண்ணாடியைப் போடவில்லை. ஸ்கேன்காரர் இருவரையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மவுஸை உங்கள் பக்கம் நகர்த்திவைத்தார்.

"நீங்களாவது சொல்லுங்க. எந்த இடத்தை வெள்ளைன்னு வச்சுக்கட்டும்?"